நாற்பத்தொரு வினாடி

காலையில் சரந்திஸ் வேலைக்குக் கிளம்பும்போதே வானம் மஞ்சளாகத்தான் இருந்தது. ஆப்பிரிக்கப் புழுதி. வருஷத்துக்கு நாலைந்து நாள் கடலைத் தாண்டி வந்து, துவைத்துக் காயப்போட்ட துணி, திராட்சைக் கொடி, கார் கண்ணாடி என்று எல்லாவற்றின் மேலும் படியும். சரந்திஸ் ஒரு பாட்டில் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றித் துடைத்துவிட்டு, ஜன்னலில் நின்ற மனைவியைப் பார்த்து, "சாயங்காலம் நீ கழுவு, நான் இப்ப கேப்டன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மிர்சினி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவன் கேப்டனாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. தீவுகளிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் ஹெலிகாப்டர் அது. பகல் நேரத்தில் ஒரே விமானி, ஒரு நர்ஸ், பின்னால் படுக்கையில் நோயாளி. பக்கத்து சீட்டில் தப்பைத் திருத்த ஆள் கிடையாது.

மிர்சினிக்கு வேலை மார்க்கோபூலோ என்ற ஊருக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலிருந்த பயிற்சிக் கூடத்தில். அங்கே ஆறு இரும்புக் கால்களின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும். உள்ளே போய் உட்கார்ந்தால் அதுதான் ஹெலிகாப்டர். அதே சீட், அதே கருவிகள், வெளியே திரையில் அதே கடல். அந்த சிமுலேட்டரை நிஜ ஹெலிகாப்டர் போலவே நடந்துகொள்ள வைப்பது அவள் பொறுப்பு. ஏழு வருஷமாகச் செய்கிறாள். கம்ப்யூட்டர் ஃபைலை மாற்றுவாள், சோதிப்பாள், சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுவாள்.

மதியம் பயிற்சிக்கு வந்த இரண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பயிற்சியாளர் கேப்டன் லாம்ப்ரோஸ் மட்டும் வெளியே போகவில்லை. அறுபது வயது. வெளியில் போனால் இருமல் வரும் என்று பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து, ஒரு கையில் கீரைப் பிட்டாவைக் கடித்துக்கொண்டு, மறு கையால் சும்மா ஹெலிகாப்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். மிர்சினி பெட்டிக்கு வெளியே, அவருக்குப் பின்னால், உள்ளே தெரிவதைக் காட்டும் திரையோடு இருந்த பயிற்சியாளர் மேசையில் இருந்தாள்.

"பொண்ணே, உன் கழுதைக்கு யாரு மயக்க மருந்து குடுத்தது?" என்றார் திரும்பாமலே.

என்ன கேப்டன் என்றாள்.

"இல்ல, நான் பாட்டுக்கு பட்டனை அமுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், பழைய பழக்கம். இந்நேரம் துள்ளியிருக்கணுமே. சாமி படத்துக்கு முன்னாடி நிக்கிற மாதிரி நிக்குது."

மிர்சினி கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தாள். வைத்த கை மேசையை விட்டு எழவில்லை.

அந்த ஹெலிகாப்டரை ஓட்டும் குச்சியில், வலது கட்டை விரல் தானாகப் போய் உட்காரும் இடத்தில் ஒரு பட்டன் உண்டு. டிரிம் பட்டன் என்பார்கள். அதைத் தொடாதவரை கம்ப்யூட்டர் ஹெலிகாப்டரை வைத்த நிலையிலேயே பிடித்துக்கொண்டிருக்கும். கையை எடுத்தால்கூட அசையாது. பட்டனை அழுத்தினால் அந்தப் பிடி விட்டுப்போகும். விமானி வேண்டிய நிலைக்கு மாற்றிக்கொண்டு விரலை எடுத்தால், புது நிலையைப் பிடித்துக்கொள்ளும். அழுத்து, மாற்று, விடு. அவ்வளவுதான். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் ஹெலிகாப்டரை யாரும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கண்ணுக்கு அடிவானம் தெரிகிறவரை பாதகமில்லை, கை தன்னாலே திருத்திக்கொண்டே போகும். அடிவானம் தெரியாத நாளில் மூக்கு மெல்ல மெல்லச் சாயும். உட்கார்ந்திருக்கிறவனுக்கு நேராகப் போவது மாதிரியே இருக்கும்.

ராணுவத்தின் பழைய ஹெலிகாப்டர்களில் பிடித்துக்கொள்ள கம்ப்யூட்டரே கிடையாது. அதில் ஓட்டினவர்கள் எல்லோருக்கும் பட்டனை அமுக்கிக்கொண்டே ஓட்டும் பழக்கம். லாம்ப்ரோஸுக்கு அந்தப் பழக்கம். சரந்திஸுக்கும் அதே பழக்கம். ராணுவத்தில் பதினோரு வருஷம் ஓட்டின பழக்கம்.

அவள் பெட்டிக்குள் போய் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தானே பட்டனை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து எண்ணினாள். பத்து எண்ணினாள். மூக்கு ஆணி அடித்தாற்போல் நின்றது. நிற்கவே கூடாது.

"எப்பலேர்ந்து இப்படி?" என்று லாம்ப்ரோஸ் கேட்டார். பிட்டாவை மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது.

அவளுக்குத் தெரியும். தேடிப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் தேடினாள். ஈஸ்டர் முடிந்த அடுத்த சனிக்கிழமை அவள் போட்ட புது ஃபைல். சோதனைத் தாளில் அறுபத்திரண்டு வரி. நாற்பத்தேழாவது வரி: பட்டனை ஐந்து வினாடி அழுத்திப் பிடிக்கவும், மூக்கு நகர்கிறதா என்று பார்க்கவும். அதற்கு நேரே ஒரு டிக், அவளுடைய கையெழுத்து.

அவள் அதைச் சோதிக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சரந்திஸின் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். இவர்கள் இரண்டு பேரும்தான் ஞானப் பெற்றோர். மெழுகுவர்த்தி, குழந்தையின் வெள்ளை உடுப்பு, எண்ணெய் எல்லாம் இவர்கள் காரில். இவர்கள் போகாமல் பாதிரியார் ஆரம்பிக்க மாட்டார். சரந்திஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தான். நாற்பது வரி ஒழுங்காகப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருபத்திரண்டும் ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பாக வந்ததில்லை. நின்றுகொண்டே டிக் அடித்தாள், கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஞானஸ்நானத்தில் குழந்தை அவள் தோளில் தூங்கிப் போனது.

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைதான், இந்த சிமுலேட்டரில் நடந்த கேப்டன் தேர்வில் சரந்திஸ் தேறினான்.

அதற்கு முன்னால் இரண்டு தடவை தோற்றிருந்தான். இரண்டு தடவையும் அதே காரணம், கட்டை விரல். மூன்றாவது தடவையும் தோற்றால் கம்பெனியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க, சாப்பாடு முடிந்ததும் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் மரக்கரண்டியை நிறுத்திப் பிடித்துக்கொள்வான். மிர்சினி எதிரே உட்கார்ந்து, அவன் கட்டை விரல் கரண்டியில் படும்போதெல்லாம் அதன் மேல் சுண்டுவாள். சுண்டிச் சுண்டி ஒருநாள் நகமே நீலம் பூத்துவிட்டது. அப்புறம் அந்தப் புதன்கிழமை, சிமுலேட்டரில் அவன் ஓட்டினது கோடு போட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அவளைத் தூக்கிச் சுற்றினான். கரண்டியைக் கழுவி டிராயரில் போட்டாள். நம் உழைப்பு, நம் பாசம், பலித்துவிட்டது என்று நினைத்தாள்.

அவன் மாறவே இல்லை. அவன் விரல் அதே இடத்தில்தான் இருந்திருக்கிறது. அவள் ஃபைல்தான் ஹெலிகாப்டரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நான்தானே பாஸ் போட்டேன்," என்றார் லாம்ப்ரோஸ் மெதுவாக. "பின்னாடி உட்கார்ந்தா விரல் தெரியாது பொண்ணே. நான் விரலைப் பார்க்கல. கழுதையைத்தான் பார்த்தேன்."

ஜன்னலுக்கு வெளியே திராட்சைத் தோட்டத்தின் மறு ஓரம் தெரியவில்லை. காலையில் மஞ்சளாக இருந்தது இப்போது செம்மண் நிறமாகியிருந்தது. இந்த மூன்று வாரமும் வெயில் கொளுத்தியது, வானம் கண்ணாடி. இன்றைக்குத்தான் முதல் புழுதி.

சரந்திஸின் போன் அணைந்திருந்தது. அவள் கடற்கரையிலிருந்த ஹெலிகாப்டர் தளத்துக்குக் கூப்பிட்டாள். அங்கே ரேடியோவில் உட்கார்ந்திருப்பவள் ஸ்மாரோ. இவர்கள் கல்யாணத்தில் ஆடி செருப்பை உடைத்துக்கொண்டவள். எடுத்த எடுப்பில் கிண்டல்தான்.

"என்ன, புருஷன் மதியச் சாப்பாடு சாப்பிட்டானான்னு கேக்கப் போறியா? கேப்டன் பொண்டாட்டி ஆனதும்..."

"ஸ்மாரோ, அவன் எங்க?"

குரலைக் கேட்டதும் ஸ்மாரோ கிண்டலை விட்டுவிட்டாள். பெத்ரூசா தீவுக்குப் போயிருக்கிறான் என்றாள். மாரடைப்பு வந்த ஒரு மீனவர். இறங்கிப் பத்து நிமிஷம் ஆகிறது. இறங்குதளம் தீவின் மறுபக்கம், மலை மறைப்பதால் தரையில் இருக்கும்வரை ரேடியோ எட்டாது. நர்ஸின் போனும் அணைந்திருக்கிறது, பறக்கும்போது அதுதான் விதி. மிர்சினி விஷயத்தைச் சொன்னதும், தீவின் மருத்துவ நிலையத்துக்கு வேறு போனில் அடித்துப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே இருப்பதே ஒரு டாக்டர். அவர் நோயாளியோடு இறங்குதளத்தில் இருப்பார்.

"கிளம்பி மலைக்கு இந்தப் பக்கம் வந்ததும் குரல் வரும் கண்ணு. போனை வைக்காதே. ஸ்பீக்கர்ல போடு."

அந்த இடைவெளியில் மிர்சினி செய்ததை ஏன் செய்தாள் என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய பழைய ஃபைலை ஏற்றினாள். சிமுலேட்டர் அணைந்து திரும்ப எழ ஆறு நிமிஷம் ஆனது. பெத்ரூசாவிலிருந்து கரை வரைக்கும் கடலைப் போட்டாள். காற்றில் புழுதியைக் கூட்டினாள், கூட்டினாள், திரையில் கடலும் வானமும் ஒன்றாகும்வரை கூட்டினாள்.

லாம்ப்ரோஸ் கேட்காமலே சீட்டில் உட்கார்ந்தார். "அவனை மாதிரி ஓட்டட்டுமா?"

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் பட்டனை அமுக்கிப் பிடித்தார். ஒரே விமானியாக இருந்தால் என்னவெல்லாம் செய்யவேண்டுமோ அதையெல்லாம் செய்தார். ரேடியோ எண்ணை மாற்றக் குனிந்தார். நோயாளி எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதுபோல் பின்னால் ஒரு தடவை திரும்பினார். ஆஸ்பத்திரியின் பெயரைத் தாளில் எழுதினார். மிர்சினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பதினைந்து வினாடி ஒன்றுமே ஆகவில்லை. பெட்டி சாய்ந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. இரும்புக் கால்கள் ஒரு பக்கம் நீண்டு நிற்பதைப் பார்த்ததும்தான் தெரிந்தது. கருவியில் அடிவானத்தைக் காட்டும் கோடு சாய்ந்துகொண்டே போனது. லாம்ப்ரோஸ் நிமிர்ந்து பார்த்துக் குச்சியை இழுத்தார். தெரிந்தே செய்கிறவர், முப்பத்தைந்து வருஷ அனுபவம். இருந்தும் தப்பான பக்கம் இழுத்தார். எச்சரிக்கைக் குரல் இரண்டு தடவை சொல்லி முடிப்பதற்குள் திரை வெள்ளையானது. பெட்டி அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து உறைந்து நின்றது.

நாற்பத்தொரு வினாடி.

யாராவது இப்படி விழுந்தால் லாம்ப்ரோஸ் வழக்கமாக ஒரு ஜோக் சொல்வார், நீச்சல் தெரியுமா என்பார். இன்றைக்குச் சொல்லவில்லை. சாய்ந்த பெட்டிக்குள் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். மிர்சினிக்கு அந்த வெள்ளைத் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சரந்திஸ் கடைசியாகப் பார்க்கப்போவது இதுதானோ என்று ஒரு நினைப்பு வந்தது.

"ஸ்மாரோ, பெத்ரூசாவிலேர்ந்து கிளம்பிட்டேன்." போனுக்குள்ளிருந்து, ஸ்மாரோவின் ரேடியோ வழியாக, கரகரத்துக்கொண்டு வந்தது அவன் குரல். "மூணு பேர். மேலேயும் மஞ்சள், கீழேயும் மஞ்சள். ஒண்ணும் தெரியல."

ஸ்மாரோ ஏதோ பதில் சொன்னாள். அவன் தொடர்ந்தான்: "வண்டி இன்னைக்கு ஒரு மாதிரி வழுக்குது. ரெண்டு தடவை திருத்திட்டேன். பாத்துக்கிறேன்."

மிர்சினி போனை நோக்கிக் குனிந்தாள். லாம்ப்ரோஸ் அவள் தோளில் கையை வைத்தார். பெட்டிக்கு வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த ரேடியோவை மேலாளர் கேட்பார், மற்ற விமானிகள் கேட்பார்கள், எல்லாம் பதிவாகும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஃபைலைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். விரலை எடு என்று அவரே சொல்லிவிடுவார், அது போதும். மிச்சத்தை நாளைக்கு அறைக்குள் பேசிக்கொள்ளலாம். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். அவளும் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டாள். அந்த ஒரு மூச்சை அவள் அப்புறம் எவ்வளவோ நாள் நினைத்துக்கொண்டாள்.

ஸ்மாரோ போனை ரேடியோவின் மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சரந்தி, லாம்ப்ரோஸ் பேசறேன். கட்டை விரலை எடு."

இரைச்சல். பிறகு எரிச்சலான குரல். "கேப்டன், இப்ப இதுக்கா நேரம்? விரல்லாம் சரியாத்தான் இருக்கு. இப்படி ஓட்டித்தானே உங்ககிட்ட பாஸ் வாங்கினேன்."

குளிர்காலம் முழுக்க இதே வார்த்தையைச் சொல்லித் திட்டினவர் லாம்ப்ரோஸ்தான். இப்போது அவன் ஏன் கேட்பான்?

"திரும்ப வழுக்குது," என்றான் சரந்திஸ். இந்தத் தடவை குரல் மேலே ஏறியிருந்தது. பின்னால் நர்ஸ் ஏதோ சத்தமாகக் கேட்டதும் காதில் விழுந்தது.

மிர்சினி லாம்ப்ரோஸின் கையைத் தோளிலிருந்து எடுத்தாள்.

"சரந்தி, நான்தான். கேளு. நீ பாஸ் ஆகல. சிமுலேட்டர் தப்பா இருந்தது. ஞானஸ்நானத்தன்னிக்கு நான் போட்ட ஃபைல். நான் சோதிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். பட்டனை அமுக்கினாலும் அது உன்னைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது. உன் ஹெலிகாப்டர் பிடிக்காது."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் தொடர்ந்தாள்.

"வெளியே பார்க்காதே. கருவியைப் பாரு. கோடு எங்க இருக்கு?"

"இடது..." மூச்சு வாங்கினான். "இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு. ஆனா நான் நேராத்தானே..."

"நீ நேரா இல்ல. உன் உடம்பு பொய் சொல்லுது. கோட்டை நேராக்கு. விரலை இப்ப எடுக்காதே, முதல்ல நேராக்கு. நேராச்சா?"

கடிகார முள் நகர்ந்தது. அவள் எண்ண ஆரம்பித்துவிட்டிருந்தாள், எண்ண வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினாள். எங்கிருந்து எண்ணுவது? அவன் வழுக்குது என்று சொன்னதிலிருந்தா, அதற்கு முன்பிருந்தா? பன்னிரண்டு. பதிமூன்று. சாய்ந்து நின்ற வெள்ளைப் பெட்டியை அவள் பார்க்கவில்லை. ஆனால் அது பக்கத்தில் நிற்பது முதுகுக்குத் தெரிந்தது.

"நேராச்சு," என்றான்.

"இப்ப எடு. மரக்கரண்டியை விடற மாதிரி விடு. கையையே எடுத்துடு."

இருபது. இருபத்தொன்று. ஸ்மாரோ போனுக்கு அந்தப் பக்கம் அழுகிறாளா, ஜெபம் செய்கிறாளா என்று தெரியவில்லை, ஏதோ முணுமுணுப்பு. லாம்ப்ரோஸ் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது. ஹெலிகாப்டரைப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் கம்ப்யூட்டர்தான். அதை நம்பிக் கையை எடுக்கச் சொன்னவள், ஒரு கம்ப்யூட்டரை ஒழுங்காகச் சோதிக்காதவள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நாற்பத்தொன்று போயிற்று. நாற்பத்திரண்டு.

"நிக்குது," என்றான் சரந்திஸ்.

பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னான்: "மிர்சினி, எவ்வளவு கீழ வந்திருக்கேன்னு இப்பத்தான் பாத்தேன். போனை வைக்காதே."

அவள் வைக்கவில்லை. பத்தொன்பது நிமிஷம். இடையிடையே "நிக்குது" என்பான். அவள் "ம்" என்பாள். தளத்தில் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது என்று ஸ்மாரோ சொன்னாள். மீனவர் உயிரோடிருந்தார்.

மிர்சினி நாற்பத்தேழாவது வரியில் இருந்த தன் டிக்கின் மேல் கோடு கிழித்துவிட்டு, நடந்ததை ஒரு பக்கம் எழுதினாள். சிமுலேட்டரின் கதவில் யாரும் ஏறக்கூடாது என்று தாள் ஒட்டினாள். அந்த ஃபைலில் பயிற்சி எடுத்த மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொன்னாள். மேலாளர் வந்து, எழுதினதை வாங்கிப் படித்துவிட்டு, நாளைக் காலை தன்னைப் பார்க்கச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. லாம்ப்ரோஸ் அந்தத் தாளின் அடியில் தன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் கவனிக்காதபோது போட்டிருக்கிறார்.

சாயங்காலம் சரந்திஸ் அவளைக் கூட்டிப்போக வந்தான். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி முழுக்கச் செம்மண் படிந்திருக்க, துடைப்பான் துடைத்த இரண்டு அரைவட்டம் மட்டும் தெரிந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். கேப்டன் பட்டை போட்ட சட்டையைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டிருந்தான்.

ரொம்ப தூரம் போன பிறகு, "ரேடியோவில எல்லாரும் கேட்டுட்டாங்க," என்றான்.

"ம்."

"நீ சொல்லலேன்னா நான் விரலை எடுத்திருக்க மாட்டேன்."

அது நன்றியா, குற்றச்சாட்டா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும். கையை அவன் முழங்கால் மேல் வைக்கலாமா என்று யோசித்து, வைத்தாள். அவன் தள்ளவில்லை.

"அந்தக் கரண்டி இருக்கா?"

"டிராயர்ல இருக்கு."

அவன் தலையை ஆட்டினான். எதிரே வந்த லாரியின் விளக்கு புழுதிக்குள் திடீரென்று முளைத்துப் பக்கத்தில் கடந்து போனது. மிர்சினி அவன் கையைப் பார்த்தாள். ஸ்டியரிங்கை நான்கு விரலால் மட்டும் பிடித்திருந்தான். கட்டை விரல் எதையும் தொடாமல், விறைத்து, தனியாக நின்றுகொண்டிருந்தது. வீடு வரைக்கும் அவன் அதை மடக்கவே இல்லை.